பெற்றோலில் மிச்சம், பற்றரியில் செலவு

வாகனம் பழுதடைந்தால் அது வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம் என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வாகனத்துக்கான மாதத் தவணையை யார் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்கள், பழுது பார்க்கவென்று அடகுக் கடைக்குப் போகும் நகை யாருடையது என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் விடை ஒரு பெண்ணாகவே இருக்கும். ஆகவேதான், ஒரு காரின் மின்கோளாறு பற்றிய இந்தக் கட்டுரையை ஒரு பெண்கள் சஞ்சிகையில் எழுதுவதற்கு நான் தயங்கவில்லை.

இது என் சொந்த அக்காவின் கதை. அத்தான் இறந்த பின்னர் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. 2018இல் ஜப்பானில் பாவித்த சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை லீசிங் முறையில் எடுத்தார். முற்பணத்துக்காகத் தாலிக்கொடியை அழித்துச் செய்த சங்கிலியை அடகு வைத்தார். அது மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி. பின்னர் கார் ஓடப் பழகி, தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போகும் நான்கு பெண்களை நாள்தோறும் ஏற்றி இறக்கத் தொடங்கினார். இரண்டு ஆசிரியைகள், ஒரு தாதி, வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. அவர்கள் கொடுக்கும் மாதக் காசில் தவணை போக மிஞ்சுவதுதான் வீட்டுச் செலவு. சிறிது சிறிதாகச் சேர்த்துச் சங்கிலியையும் மீட்டெடுத்தார்.

2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது அந்தக் காரை நாங்கள் வாழ்த்தினோம். கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 20 லீற்றரில் அக்கா தன் ஓட்டத்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை. நன்மையையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

2023 ஓகஸ்டில் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது. அடுத்த மாதமே அது நடந்தது.

கைதடிச் சந்தியில் நின்ற கார்

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியைக் கடப்பதற்காக அக்கா காரை நிறுத்தியிருக்கிறார். இவ்வகைக் கார்கள் நின்றவுடன் இயந்திரம் தானாக நின்றுவிடும். பிறேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாக இயங்கும். அன்று அது இயங்கவில்லை. முன்னாலுள்ள பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக ஏழெட்டு விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பின்னால் பஸ் ஹோன் அடித்தது. உள்ளே இருந்த நான்கு பெண்களும் இறங்கித் தள்ளி, காரை ஓரமாக்கிவிட்டு வேறு பஸ் பிடித்துப் போனார்கள்.

காரைக் கட்டி இழுத்து ஒரு கராஜில் விட்டோம். அன்று விடுமுறை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கராஜ்காரர் கணினியைப் பொருத்திப் பார்த்துவிட்டு என்னிடமும் அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் சுற்றிப் பார்த்தார்.

"வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா வரச் சொல்லுங்கோ. அவையளுக்கு விளங்கப்படுத்துறன்" என்றார்.

"நான்தான் ஓடுறன். எனக்குச் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

"ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது. நாலு இலட்சத்து இருபதினாயிரம் வரும். ஏலாதெண்டா இப்பிடியே வித்துப்போடுங்கோ, ஆக்கள் இருக்கினம்."

கணினி காட்டிய குறியீடுகளை ஒரு தாளில் எழுதித் தரும்படி நான் கேட்டேன். "அது உங்களுக்கு விளங்காது பிள்ளை" என்றார். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு அது பழகிய வசனம். வைத்தியசாலையிலும் காணி அலுவலகத்திலும் பெண்களுக்குச் சொல்லப்படுவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் அதன் பாரம் தெரிந்தது.

அன்றிரவு அக்கா அலுமாரியைத் திறந்து சங்கிலியை எடுத்து மேசையில் வைத்தார். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் படிக்கப் போய்விட்டாள். "இரண்டு நாள் பொறுங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு நாளில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இது என்ன வகைக் கார்?

ஹைபிரிட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிரியஸ் போன்றவை முழு ஹைபிரிட் வகை. அவற்றின் பெரிய பற்றரி ஏறத்தாழ 200 வோல்ற்று. அவை சிறிது தூரம் மின்சாரத்தில் மட்டுமே ஓடக்கூடியவை. அக்காவின் கார் 'மைல்ட் ஹைபிரிட்' எனப்படும் மென் ஹைபிரிட். இதில் மின்சாரம் துணையாள் மட்டுமே. பாரத்தை இழுப்பது பெற்றோல் இயந்திரம்தான்.

சாதாரண காரில் பற்றரியைச் சார்ஜ் பண்ண ஒரு ஓல்டர்னேற்றரும், இயந்திரத்தைக் கிளப்ப ஒரு ஸ்டாட்டரும் இருக்கும். மென் ஹைபிரிட்டில் பெல்ட் ஒன்றினால் இயந்திரத்துடன் இணைந்த ஒரே மின்மோட்டார் சார்ஜ் பண்ணும் வேலையையும், நின்ற இயந்திரத்தை மீளக் கிளப்பும் வேலையையும், வேகமெடுக்கும்போது சற்று உந்திக் கொடுக்கும் வேலையையும் செய்கிறது. பிறேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் சக்தியில் ஒரு பங்கை மின்சாரமாக்கிச் சேமிக்கிறது.

அதைச் சேமிக்கவே சிறிய லிதியம் பற்றரி இருக்கிறது. வழமையான ஈயப் பற்றரியைத் தொட்டி என்றால் இதைச் செம்பு எனலாம். விரைவாக நிரம்பும், விரைவாக வெறுமையாகும். ஆக, காரில் இரண்டு பற்றரிகள். பல சிறிய ஜப்பானியக் கார்களில் இரண்டுமே 12 வோல்ற்று முறையில் இயங்குகின்றன. பல ஐரோப்பியக் கார்களில் லிதியம் பற்றரி 48 வோல்ற்று. 60 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட மின்சாரத்துக்குக் கடுமையான பாதுகாப்பு ஏற்பாடுகள் தேவை என்பதால், அதற்குக் கீழே நின்று செலவைக் குறைப்பதற்காக 48 தெரிவு செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களின் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் சராசரியாகக் கிலோமீற்றருக்கு 95 கிராம் என்ற எல்லை 2020, 2021ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, அதை எட்டுவதற்கு நிறுவனங்களுக்குக் கிடைத்த மலிவான வழிகளில் இதுவும் ஒன்று.

ஏன் இவ்வளவு செலவு?

முதலாவது, ஒரே பொருள் பல வேலை செய்கிறது. அது பழுதானால் எல்லா வேலையும் ஒன்றாக நிற்கும். இரண்டாவது, லிதியம் பற்றரியோ மோட்டாரோ உள்ளே ஒரு சிறு பகுதி பழுதானாலும் முழுத் தொகுதியாகவே மாற்றும்படி சொல்லப்படுகிறது. சில கார்களில் புதிய தொகுதியைப் பொருத்திய பின்னர் கணினி மூலம் காருக்கு 'அறிமுகம்' செய்தும் வைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் முக்கியமானது. காரில் உள்ள கணினிகள் எல்லாம் 12 வோல்ற்று மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன. அந்த அழுத்தம் குறைந்தால் பிறேக், ஸ்டியரிங், ஹைபிரிட் என்று ஒவ்வொரு கணினியும் தன் தன் பிழையை அறிவிக்கும். உண்மையில் பழுது ஒன்று, விளக்குகள் ஏழு. காய்ச்சலை வைத்துக்கொண்டு இன்ன நோய்தான் என்று சொல்ல முடியுமா? பிழைக் குறியீடும் அப்படித்தான். அது எங்கே தேட வேண்டும் என்று காட்டும் விரல், தீர்ப்பு அல்ல. 48 வோல்ற்றுக் கார்களிலும் நிலைமை இதுவே. 48ஐ 12 ஆக மாற்றும் கருவி பழுதானால், லிதியம் பற்றரி நல்லாக இருந்தாலும் சிறிது நேரத்தில் கார் நின்றுவிடும்.

நான்காவது, வெப்பம். லிதியம் பற்றரியை விரைவாக முதுமையடையச் செய்வது வெப்பமே. ஜப்பானின் குளிரில் சில வருடம் ஓடிய கார், நம் வெயிலில் மூடிய கண்ணாடியுடன் நாள் முழுவதும் நிற்கிறது. ஐந்தாவது, நமது ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டு மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரை விற்றால் அதுபோல் இன்னொன்றை வாங்க இயலாத நிலை. "வித்துப்போடுங்கோ" என்று சொல்வது அக்காவுக்கு "தொழிலை விடுங்கோ" என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொரு கண் பார்த்தபோது

எங்கள் நிலையத்துக்கு வரும் ஒரு தாயின் மகன் தொழிற்பயிற்சி முடித்து வாகன மின்வேலை செய்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கணினியை எடுக்கவில்லை. முதலில் ஒரு சிறிய மீற்றரை எடுத்தார்.

ஈயப் பற்றரி நன்றாக இருந்தால் ஓய்வில் 12.6 வோல்ற்று அளவில் காட்ட வேண்டும். எங்களுடையது 11.8 காட்டியது.

"அக்கா, இது ஆர் போட்ட பற்றரி?" என்று கேட்டார்.

நாங்கள்தான் போட்டோம். 2022 நெருக்கடியில் பழைய பற்றரி செத்தபோது, கடையில் இருந்தவற்றுள் விலை குறைந்ததை வாங்கினோம். நின்று நின்று கிளம்பும் கார்களுக்கென்று தனியான ஈயப் பற்றரி உண்டு. ஜப்பானிய வகைகளில் எம்-42, என்-55 என்பன போன்ற குறிகள் அதில் இருக்கும். சாதாரண பற்றரி அடிக்கடி கிளப்பும் வேலையைத் தாங்காது. அன்று மிச்சம் பிடித்த சில ஆயிரம்தான் ஒரு வருடம் கழித்து இப்படி வந்து நின்றது. பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அவர் மேலும் மூன்றைக் காட்டினார். உடலுடன் இணையும் ஏர்த் வயரின் முனையில் பச்சை படிந்திருந்தது. பெல்ட் வெடித்திருந்தது. முன் இருக்கையின் கீழே லிதியம் பற்றரிக்குக் காற்றுப் போகும் வாயை ரொபித் தாள்களும் ஒரு தலைமயிர்க் கிளிப்பும் தூசியும் அடைத்திருந்தன. கிளிப் மகளுடையது.

"லிதியம் பற்றரி இன்னும் சாகேல்ல அக்கா. வயசு போட்டுது, அவ்வளவுதான். ஒரு வருசம் ஓடும், அதுக்கு மேல நான் பொறுப்புச் சொல்ல மாட்டன். இப்பவே காசு சேர்க்கத் தொடங்குங்கோ."

சரியான ஈயப் பற்றரி 46,000, பெல்ட் 7,500, கூலி 8,000. மொத்தம் 61,500 ரூபா. விளக்குகள் அணைந்தன. சங்கிலி அலுமாரிக்குத் திரும்பியது.

முதலாவது கராஜ்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் எழுதப் போவதில்லை. கணினி பற்றரி என்றது. அவரும் பற்றரி என்றார். அவர் கணினியை நம்பினார். நாங்கள் அவரை நம்பவிருந்தோம். யாரும் மீற்றரை வைத்துப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலும் இப்படி நடப்பதுண்டு. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்துவதற்காக மீள அழைத்தது. முன் இருக்கையின் கீழே உள்ள 48 வோல்ற்று ஏர்த் இணைப்பு போதிய அளவு இறுக்கப்படாமல் இருந்திருக்கலாம், அது சூடேறித் தீப்பற்றலாம் என்பதே காரணம். அத்தனை விலையுயர்ந்த காரிலும் குற்றம் ஒரு இணைப்பில்தான்.

ஒரு வீட்டுக் கணக்கு

சகோதரிகளே, இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு சிறிய கார் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடினால் 62 லீற்றர் வேண்டும். மென் ஹைபிரிட் உதவியால் 18 ஓடினால் 55 லீற்றர் போதும். மிச்சம் மாதம் 7 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 2,100 ரூபா. வருடத்துக்கு 25,200 ரூபா. 4 இலட்சத்து 20 ஆயிரம் செலவை இந்த மிச்சத்தால் ஈடுசெய்ய 16 வருடங்களுக்கு மேல் செல்லும்!

இவ்வகைக் கார் கூடாது என்பது என் கருத்தல்ல. மாதாமாதம் மிஞ்சுவது முழுவதும் இலாபம் அல்ல. அதில் ஒரு பங்கு பற்றரியின் முதுமைக்காக ஒதுக்க வேண்டியது. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அக்கா அப்படித்தான் செய்தார். 2023 ஒக்ரோபரிலிருந்து மாதம் 5,000 ரூபா தனியாகப் போட்டார். அந்தத் தம்பி சொன்னபடியே 2025 பெப்ரவரியில் லிதியம் பற்றரி உண்மையாகவே முடிந்தது. கழற்றிய காரிலிருந்து எடுத்து, சோதித்து, ஆறு மாத உத்தரவாதத்தை எழுத்தில் தந்த ஒன்றை 1 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு வாங்கினோம். சேர்த்தது 85,000, மீதி 80,000 சீட்டுக் காசு. கஷ்டம்தான். ஆனால் இம்முறை அலுமாரி திறக்கப்படவில்லை.

நாம் செய்யக்கூடியவை

• பல விளக்குகள் ஒன்றாக எரிந்தால் முதலில் 12 வோல்ற்றுப் பற்றரி, அதன் முனைகள், ஏர்த் வயர், பெல்ட் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிய எரியத் தொடர்ந்து ஓடாதீர்கள்.

• பிழைக் குறியீடுகளை எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது கணினித் திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். அந்தப் படத்துடன் இன்னொருவரிடம் கேட்கலாம்.

• பற்றரி மாற்றும்போது உங்கள் காருக்கு விதிக்கப்பட்ட வகையையே போடுங்கள். மலிவானது மலிவல்ல.

• இருக்கையின் கீழுள்ள காற்று வாயை மாதம் ஒரு தடவை துப்புரவாக்குங்கள். இயந்திரப் பகுதிக்கு நீரைப் பீச்சிக் கழுவ விடாதீர்கள். முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள்.

• லிதியம் பற்றரியை வீட்டில் திறக்கவோ கண்டவர்களிடம் ஒட்டுவிக்கவோ வேண்டாம். அது தீப்பற்றக்கூடியது.

• பாவித்த காரை வாங்கும்முன் இரண்டு பற்றரிகளையும் சோதித்து அறிக்கை எடுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண்செலவு அல்ல.

• பெரிய செலவு என்றால் எழுத்து மூலம் மதிப்பீடும், மாற்றிய பழைய பாகமும், பற்றுச்சீட்டும், உத்தரவாதமும் கேளுங்கள். மோசடி என்று கருதினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977.

அறியாமைக்குக் கொடுக்கும் விலை

எனது வேலையில் குடும்பங்களின் வருமானப் படிவங்களை நிரப்புவது வழக்கம். உணவு, கல்வி, மருந்து, கடன் என்று கேட்போம். வாகனத் திருத்தம் என்று ஒரு வரியும் அதில் இல்லை. ஆனால் சில மாதங்களாக வீடுகளுக்குப் போகும்போது நானாகவே அதைக் கேட்டு வருகிறேன். ஓட்டோவுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, வாடகைக் காருக்கு என்று அடகு போன காப்புகளின் கதை வெளியே வருகிறது. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "என்ன பழுதெண்டு எனக்குத் தெரியாது. அவர் கேட்டார், கழற்றிக் குடுத்தன்."

கழற்றிக் கொடுப்பவருக்குக் காரணத்தை அறியும் உரிமை இல்லையா? பெண்கள் எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து என்னவென்று வைத்தியரிடம் கேட்கிறோம் அல்லவா? அதே துணிவுடன் கராஜிலும் கேட்டால் போதும்.

இன்று அக்காவின் காரில் ஒரு சிறிய கொப்பி இருக்கிறது. எப்போது எந்தப் பற்றரி போட்டது, மீற்றர் எத்தனை காட்டியது, யார் பார்த்தது, எவ்வளவு கொடுத்தது எல்லாம் அதில் உண்டு. எழுதுவது மகள். போன மாதம் வேறொரு கராஜில் ஒருவர், "வீட்டில ஆம்பிளையள் இல்லையோ?" என்று கேட்டாராம். அக்கா கொப்பியை விரித்துக் காட்டினாராம். அதற்குப் பிறகு அவர் அக்காவிடமே பேசினாராம்.

உங்கள் வீட்டு வாகனத்தின் பற்றரி எந்த வகை, எங்கே இருக்கிறது, எப்போது மாற்றியது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், இன்று மாலையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்களேன்.